ஹெட்போன் தராத கர்த்தர்

என் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாமல், முப்பத்தாறு பிள்ளைகளுக்குத் திருட்டுப் பட்டம் வாங்கிக்கொடுத்த முட்டாள் நான். சபையாரே, இந்தச் சாட்சியில் இதை முதலில் சொல்லிவிடுகிறேன். கர்த்தர் செய்ததைப் பிறகு சொல்கிறேன். வரிசையை மாற்றினால், அவர் செய்தது எது, நான் செய்த கூத்து எது என்று உங்களுக்குக் குழம்பிப்போகும். எனக்கே சில நாள் குழம்புகிறது.

என் பெயர் எபினேசர். நெய்வேலி டவுன்ஷிப்பை ஒட்டி, வடக்குத்துப் பக்கம் இருக்கிற ஒரு தனியார் கல்லூரியில் ஆங்கிலம் சொல்லித்தருகிறேன். 'சொல்லித்தருகிறேன்' என்பது வேலை உத்தரவில் இருக்கிற வார்த்தை. வகுப்பில் உண்மையில் என்ன நடக்கிறது என்பது கர்த்தருக்கும் பிள்ளைகளுக்கும்தான் தெரியும். நான் பெர்மனென்ட் இல்லை, கான்ட்ராக்ட். எங்கள் ஊரில் இந்த இரண்டு வார்த்தைகளுக்கும் விளக்கம் தேவையில்லை. பெண் கேட்டுப் போகிற வீட்டில் மாப்பிள்ளையின் பெயருக்கு முன்னால் அதைத்தான் கேட்பார்கள்.

போன வருஷம் மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு எங்கள் கல்லூரி ஒரு புதுத் தேர்வு வைத்தது. ஆங்கிலத்தைக் காதால் கேட்டுப் புரிந்துகொள்கிறார்களா, கண்ணால் படித்துப் புரிந்துகொள்கிறார்களா என்று பார்க்கிற தேர்வு. லிசனிங், ரீடிங் என்று இரண்டு பகுதி. லிசனிங்கில் ஒரு பதிவை ஒரே ஒரு தடவை ஓட விடுவார்கள். விட்டால் விட்டதுதான். ரீடிங்கில் இரண்டு பக்கம் கொடுத்துக் கேள்வி கேட்பார்கள். இரண்டிலும் தேறினவர்களைத்தான், ஆள் எடுக்க வருகிற கம்பெனிகள் முன்னால் கல்லூரி உட்கார வைக்கும். மற்றவர்கள் இன்டர்வியூ அறையின் வாசலைக்கூட மிதிக்க முடியாது. அது வருஷத்துக்கு ஒரு தடவைதான். மூன்றாம் ஆண்டுக்கு அடுத்த வருஷம் என்று ஒன்று கிடையாது.

என்னுடையது பி செக்‌ஷன். முத்தாண்டிக்குப்பம், வடக்குத்து, பண்ருட்டி ரோட்டில் பஸ் நிற்கிற மற்ற ஊர்கள், இங்கெல்லாம் இருந்து வருகிற பிள்ளைகள். பன்னிரண்டாவது வரை தமிழில் படித்தவர்கள். அப்பாக்கள் மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலைக்கோ, முந்திரித் தோப்புக்கோ போகிறவர்கள். ஏ செக்‌ஷன் முழுக்க டவுன்ஷிப் பிள்ளைகள், இங்கிலீஷ் மீடியம். அவர்களுக்கு லேங்குவேஜ் லேப் உண்டு. ஏசி, கண்ணாடிக் கதவு, ஆளுக்கொரு கம்ப்யூட்டர், ஆளுக்கொரு ஹெட்போன். எங்களுக்குத் தகரக் கொட்டகை. வலது பக்கம் கல்லூரியின் ஜெனரேட்டர். இடது பக்கம் மெயின் ரோடு, நாள் முழுக்க அனல்மின் நிலையத்துச் சாம்பல் லாரி. மழை பிடித்தால் தலைக்கு மேலேயும் சத்தம். தரை மட்டும்தான் அமைதியாக இருக்கும்.

பி செக்‌ஷனுக்கு ஹெட்போன் எப்போது என்று கேட்கும்போதெல்லாம் அடுத்த வருஷம் என்றார்கள். மனிதர்களிடம் கேட்டுப் பயனில்லை என்று கர்த்தரிடம் கேட்டேன். எங்கள் சபையின் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் மூன்று வருஷம் ஒரே விண்ணப்பம்: சத்தமில்லாத ஓர் அறை, முப்பத்தாறு ஹெட்போன். ஒரு நாள் கூட்டம் முடிந்ததும் சபையின் மேரி அக்கா என்னை மடக்கினார்.

"ஏம்பா எபி, அவங்கவங்க சுகம் கேக்குறாங்க, புள்ள வரம் கேக்குறாங்க. நீ இன்னாடான்னா ஹெட்போன் கேட்டுகினு இருக்கிற. ஆண்டவரு இன்னா எலக்ட்ரிக் கடையா வச்சிருக்காரு?"

"வர்ற வரைக்கும் கேப்பேன் அக்கா."

"கேளு, கேளு. கலர் இன்னான்னும் சேத்துச் சொல்லிடு. அப்பறம் மாத்த முடியாது."

அடுத்த வெள்ளிக்கிழமை கறுப்பு என்றும் சேர்த்தே ஜெபித்தேன். கர்த்தர் தரவில்லை. ஒன்றுகூட.

ஆகவே வேறு வழியில்லாமல், பதிவுக்குப் பதிலாக நானே வாசித்தேன். முதலில் கத்தி வாசித்தேன். ஒரே வாரத்தில் தொண்டை கட்டிக்கொண்டது. பிறகு என் சோம்பேறித்தனம் எனக்கு ஞானம் கொடுத்தது. 'வாசிப்பது என் வேலை, கேட்பது உங்கள் வேலை' என்று சொல்லிவிட்டுச் சாதாரணக் குரலில் வாசிக்க ஆரம்பித்தேன். லாரி போனாலும் நிறுத்த மாட்டேன். ஜெனரேட்டர் ஓடினாலும் நிறுத்த மாட்டேன். செய்தித்தாள், மாத்திரை அட்டைக்குள் மடித்து வைத்திருக்கிற சீட்டு, பிரஷர் குக்கரோடு வருகிற புத்தகம், கையில் கிடைத்ததை எல்லாம் வாசித்தேன். வெள்ளைக்காரன் போல, டெல்லிக்காரன் போல, விமானத்தில் அறிவிப்புச் சொல்கிற பெண் போலவும் வாசித்தேன். அந்தப் பெண் குரலைக் கேட்டு ஜெனரேட்டர்க்காரர் ஒரு நாள் உள்ளே எட்டிப் பார்த்து ஏமாந்து போனார்.

அதோடு ஒரு பழக்கம் வைத்தேன். அது என் அப்பாவின் பழக்கம். அப்பா மைன்ஸில் கன்வேயர் பெல்ட்டில் வேலை பார்த்தவர். பெல்ட் ஓடுகிற இடத்தில் பக்கத்தில் நிற்கிறவன் பேச்சே காதில் விழாது. அதனால், ஒருவர் சொன்னதை அடுத்தவர் அப்படியே திரும்பச் சொன்ன பிறகுதான் சுவிட்சில் கை வைப்பார்களாம். தப்பாகக் கேட்டு பெல்ட்டை ஓடவிட்டால் ஒருவன் கை போய்விடும். அப்பா வீட்டிலும் இப்படித்தான். அம்மா "அரைக் கிலோ துவரம்பருப்பு" என்றால், "அரைக் கிலோ துவரம்பருப்பு" என்று சொல்லிவிட்டுத்தான் செருப்பைப் போடுவார். நான் வாசிக்கிற ஒவ்வொரு வாக்கியத்தையும் பிள்ளைகள் வாய்க்குள்ளேயே திரும்பச் சொல்ல வேண்டும், அதன் பிறகுதான் பேனாவைத் தொட வேண்டும் என்றேன். அவர்களில் பாதிப் பேருடைய வீட்டிலும் இதே பழக்கம் இருந்தது. சிரிக்காமல் ஏற்றுக்கொண்டார்கள்.

ஐப்பசி மழை பிடித்த வாரத்தில் தேர்வு வந்தது. எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று இரண்டு செக்‌ஷனையும் பெரிய ஹாலில் உட்கார வைத்து, முன்னால் ஒரே ஒரு ஸ்பீக்கரை வைத்தார்கள். ஹாலுக்கும் மேலே தகர ஷீட்தான். பதிவு ஓட ஆரம்பித்ததும் மழை கொட்டியது. ஏ செக்‌ஷன் பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். திரும்பப் போடச் சொன்னார்கள். விதி இடம் கொடுக்கவில்லை.

நான்கு நாள் கழித்து மார்க் ஒட்டினார்கள். லிசனிங்கில் முதல் பத்துப் பேரில் எட்டுப் பேர் பி செக்‌ஷன். முதல் மார்க் பவித்ரா, முத்தாண்டிக்குப்பத்துப் பெண். காலையில் இரண்டு பஸ் மாறி வருகிறவள், தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசாதவள். ரீடிங்கில் எங்கள் ஆட்கள் பலர் தடுக்கி விழுந்திருந்தார்கள், சிலர் கரையைப் பிடித்துக்கொண்டு தேறியிருந்தார்கள். ஏ செக்‌ஷன் ரீடிங்கில் உச்சியில் இருந்தது, லிசனிங்கில் வழுக்கியிருந்தது.

ஸ்டாஃப் ரூமில் நான் மசால்வடையும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். ஏ செக்‌ஷன் எடுக்கிற நண்பர், "எப்டி சார் இது? உங்க பசங்க லிசனிங்ல இந்தப் போடு போட்டிருக்காங்க?" என்றார். மூன்று வருஷக் கதையை அப்போது சொல்லியிருக்கலாம். நேரம் இருந்தது. கேட்க ஆளும் இருந்தது. நான் சொன்னது இதுதான்:

"அது ஒண்ணும் பெரிய விஷயமில்ல சார். முந்தின நாளே அந்தப் பதிவைப் பசங்க குரூப்ல போட்டுட்டேன். ஏன், நீங்க போடலியா?"

எல்லாரும் சிரித்தார்கள். வாசலில் நின்றுகொண்டிருந்த பிரின்சிபால் சிரிக்கவில்லை. நல்ல மனிதர்தான். சிரிப்பை ரிட்டயர் ஆன பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்திருப்பவர், அவ்வளவுதான்.

சாயங்காலத்துக்குள் நோட்டீஸ் போர்டில் பி செக்‌ஷன் மார்க் பட்டியலைக் காணோம். என் கையில் விளக்கம் கேட்டு ஒரு கடிதம் இருந்தது. மறுநாள் காலை பிரின்சிபால் அறையில் நின்றேன்.

"மிஸ்டர் எபினேசர், நீங்க சொன்னீங்களா இல்லையா?"

"சொன்னேன் சார். ஜோக்கா சொன்னேன்."

"ஜோக்குன்னா சிரிப்பு வரணும்."

"எல்லாரும் சிரிச்சாங்க சார்."

"நான் சிரிக்கல."

ரீடிங் மார்க்கைப் பாருங்கள் என்று கெஞ்சினேன். கேள்வித்தாள் வெளியே போயிருந்தால் ரீடிங்கிலும் மார்க் ஏறியிருக்க வேண்டுமே. "திருட வந்தவன் ஒரு ரூம்ல மட்டும் திருடிட்டு, பக்கத்து ரூமைப் பெருக்கி வச்சிட்டா சார் போவான்?"

"அதான் உங்க சாமர்த்தியம்" என்றார். பிறகு குரலைத் தணித்து, உண்மையிலேயே புரியாமல் கேட்டார்: "நீங்களே சொல்லுங்க. தகர ஷெட்ல படிச்ச பசங்க லேப்ல படிச்ச பசங்களை எப்படித் தாண்ட முடியும்?"

அந்தக் கேள்விதான் எனக்குச் சுட்டது. என்னைத் திருடன் என்றதுகூட இல்லை. தாண்டவே முடியாது என்று அவருக்கு அவ்வளவு நிச்சயம்.

ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். 'கவனக்குறைவால் பதிவு முன்கூட்டியே வெளியாகிவிட்டது' என்று டைப் அடித்திருந்தது. கையெழுத்துப் போட்டால் என் கான்ட்ராக்டுக்கு ஆபத்தில்லை. பி செக்‌ஷன் மார்க் மட்டும் ரத்து, பிள்ளைகள் ஆளுக்கொரு மன்னிப்புக் கடிதம் தர வேண்டும். போடாவிட்டால் பி செக்‌ஷனுக்கு மட்டும் மறுதேர்வு, வெளியிலிருந்து ஆள் வந்து நடத்துவார், அதில் மார்க் இறங்கினால் பிள்ளைகள் மேல் ஒழுங்கு நடவடிக்கை, நான் வேலையை விட்டு வீட்டுக்கு. யோசிக்க ஒரு நாள் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து என் மனைவி ஸ்டெல்லாவிடம் சொன்னேன். குழம்பைக் கிண்டிக்கொண்டே கேட்டாள்.

"போடுங்க. போட்டுட்டு, அந்தக் கையால இந்த வூட்டுல சாப்பிடாதீங்க."

இடது கையால் போடலாமா என்று கேட்டேன். கரண்டி பாத்திரத்தில் கொஞ்சம் பலமாக விழுந்தது.

மறுநாள் விடியற்காலையில் மொட்டை மாடிக்குப் போனேன். அழுது ஜெபித்தேன் என்று எழுதினால் உங்களுக்கு வாசிக்க நன்றாக இருக்கும். அழவில்லை. கோபம்தான் இருந்தது. முழங்கால் போடவில்லை, முட்டி வலி வேறு. நின்றபடியே பேசினேன்.

"கர்த்தாவே, மூன்று வருஷம் ஹெட்போன் கேட்டேன். நீர் தரவில்லை. போகட்டும். இப்போது அந்த ஹெட்போன் இல்லாததை வைத்தே எங்களைத் திருடர் என்கிறார்கள். நான் வாயாடி, என்னை என்ன வேண்டுமானாலும் செய்யும். ஆனால் அந்தப் பிள்ளைகள் லாரிக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை மூன்று வருஷமாகப் பார்த்தவர் நீர் ஒருவர்தான். எப்போதும் உமக்கு நாங்கள்தான் சாட்சி சொல்கிறோம். இந்த ஒரு தடவை நீர் அவர்களுக்குச் சாட்சி சொல்லும். நான் கையெழுத்துப் போட மாட்டேன். மற்றது உம்முடைய பாடு."

ஆமென் சொல்ல மறந்துவிட்டேன். கீழே இறங்கி வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. படியில் நின்றே சொன்னேன்.

கொட்டகைக்குப் போய்ப் பிள்ளைகளிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். பிறகு பவித்ரா எழுந்தாள்.

"ஜோக்கு சொன்னது நீங்க. மறுபடியும் பரீட்சை எழுதுறது நாங்களாங்க சார்?"

"ஆமாம்மா."

"ஏ செக்‌ஷனும் எழுதுதுங்களா?"

"இல்லம்மா. கேட்டுப் பாத்தேன். முடியாதுன்னுட்டார்."

கடைசி பெஞ்சு முத்துக்குமார் புத்தகத்தை மூடினான். "அப்ப நாங்களும் எழுத மாட்டோம் சார். அவுங்க சொல்லிட்டா திருடனாயிடுவமா? வேலையும் வேணாம் ஒண்ணும் வேணாம். எங்கப்பாகூட மைன்ஸ்க்கே போறேன்."

"நீ எழுதாம வூட்டுக்குப் போனா, திருடித்தான் ஓடிட்டான்னு ஊரே பேசும்" என்றாள் பவித்ரா, அவன் பக்கம் திரும்பாமலே. "எழுதுறோங்க சார். ஆனா மன்னிப்புன்னு ஒரு வரி எழுதித் தர மாட்டோம். அத அவருகிட்ட சொல்லிடுங்க."

அவள் சொன்னதை வாய்க்குள் ஒரு தடவை திரும்பச் சொல்லிப் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை குறையாமல் பிரின்சிபாலிடம் போய்ச் சொன்னேன். தாளைக் கையெழுத்தில்லாமல் திருப்பிக் கொடுத்தேன்.

மறுதேர்வுக்கு இரண்டு வாரம் கழித்து நாள் குறித்தார்கள். இடம் லேங்குவேஜ் லேப். ஆளுக்கொரு ஹெட்போன், முறைகேட்டுக்கு இடமே இருக்காதாம். சபையாரே, நான் மூன்று வருஷமாகக் கேட்ட சத்தமில்லாத அறையும் முப்பத்தாறு ஹெட்போனும் அன்றைக்குத்தான் கிடைத்தன, தண்டனையாக. நிறமும் கறுப்பு.

பழகிப் பார்க்க லேபைத் திறந்து விடச் சொன்னேன். முடியாது என்றார்கள். தெரிந்த வீட்டில் ஒரு ஹெட்போனை இரவல் வாங்கி வந்து, ஒவ்வொருவர் தலையிலும் ஐந்து நிமிஷம் மாட்டிப் பார்த்தேன். முத்துக்குமார் கழற்றி என் கையில் கொடுத்தான். "கெணத்துக்குள்ள உக்காந்துகினு இருக்கிற மாதிரி இருக்குதுங்க சார்." ஒரு பெண், தான் திரும்பச் சொல்வது தனக்கே கேட்கவில்லை என்றாள். உண்மைதான். காதை மூடினால் எங்கள் பழக்கமே கெட்டுப்போனது. பாதி வாக்கியத்தைத் தவறவிட்டார்கள். பவித்ராவும் தவறவிட்டாள். அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது. கடைசி மூன்று நாள் உபவாசம் இருந்தேன். இந்த உடம்பைப் பார்த்தவர்கள் நம்ப மாட்டீர்கள். ஸ்டெல்லாவைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மறுதேர்வு ஒரு புதன்கிழமை. கடலூர்ப் பக்கத்திலிருந்து ஓர் ஆங்கிலப் பேராசிரியை வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். கையில் குடை, தோளில் பெரிய பை, யாரையும் நம்பாத ஒரு கண்ணாடி. என்னை லேபின் பக்கம் வரக் கூடாது என்றார்கள். எதிர் வராந்தாவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். கண்ணாடிச் சுவர் வழியாகப் பிள்ளைகள் தெரிந்தார்கள். முதலில் ரீடிங். தாளைக் குனிந்து எழுதினார்கள். அது முடிந்து எல்லாரும் ஹெட்போனை மாட்டினார்கள். முப்பத்தாறு தலைகளும் ஒன்றாகக் கிணற்றுக்குள் இறங்கியது போல இருந்தது.

நான் கண்ணை மூடினேன். நீளமான ஜெபம் எதுவும் வரவில்லை. "அந்த அமைதிக்குள்ள அவங்களைத் தனியா விடாதீர்" என்றேன். அவ்வளவுதான்.

காலையிலிருந்தே காற்று இருந்தது. ரோட்டோரத்து வேப்பமரத்திலிருந்து ஒரு கிளை முறிந்து கம்பியில் விழுந்தது. கரண்ட் போய்விட்டது. நாடு முழுக்கப் போகிற கரண்டை இங்கேதான் செய்கிறார்கள். டவுன்ஷிப்புக்குள் விளக்கு அணைந்தால் இரண்டு நாள் அதைப் பற்றிப் பேசுவார்கள். வேலிக்கு வெளியே எங்களுக்கு அது தினப்படி. ஆனால் அந்த நிமிஷத்தில் கர்த்தர் பாதிப் பேச்சில் போனை வைத்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். தேர்வு தள்ளிப்போனால் இன்டர்வியூ தேதி தாண்டிவிடும். எல்லாம் முடிந்தது என்று ஸ்டூலை விட்டு எழுந்தேன்.

ஜெனரேட்டர் கிளம்பியது. அதில் ஆபீசுக்கு இணைப்பு உண்டு, லேபுக்குக் கிடையாது. பிரின்சிபால் வேகமாக வந்தார்.

"மேடம், இன்னொரு நாள் வச்சுக்கலாம்."

"இன்னொரு நாள் நான் வர மாட்டேன். பதிவுல இருக்கறது எழுத்துலயும் இருக்குல்ல? நானே வாசிச்சிடறேன். ஒரே தடவை. அந்த ஜெனரேட்டரை மட்டும் நிறுத்தச் சொல்லுங்க."

நிறுத்தினால் ஆபீஸ் வேலை நின்றுவிடும் என்று அட்டெண்டர் தலையைச் சொறிந்தார். ஏசி நின்றதால் உள்ளே புழுங்கியது. ஜன்னல்களை எல்லாம் திறந்தார்கள். ஜெனரேட்டர் சத்தம், லாரி சத்தம், காற்றுச் சத்தம், எல்லாம் உள்ளே வந்தன. எங்கள் தகரக் கொட்டகை எழுந்து நடந்து வந்து லேபுக்குள் உட்கார்ந்துகொண்டது. பிள்ளைகள் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தார்கள். சொந்த வீட்டுக்கு வந்தவர்கள் போல ஒவ்வொருவரும் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்தார்கள்.

நான் தடையை மீறி ஜன்னல் ஓரமாகப் போய் நின்றேன். பாதி காதில் விழுந்தது; மீதியைப் பிள்ளைகள் பிறகு சொன்னார்கள்.

பேராசிரியை இரண்டு வாக்கியம் வாசித்தார். நிறுத்தினார். "யாரு பேசறது?" மூன்றாவது வாக்கியத்தை வாசித்தார். முப்பத்தாறு வாயும் அசைந்தது. தாளை மேசையில் அடித்தார்.

"ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்குடுக்கறீங்களா? எந்திரிம்மா நீ. என்ன பேசின?"

பவித்ரா எழுந்தாள். "நீங்க சொன்னதத்தாங்க மேடம்."

"யாருக்குச் சொன்ன?"

"எனக்கேதாங்க."

"எதுக்கு?"

"கேட்டது சரியான்னு பாக்குறதுக்குங்க. திரும்பச் சொல்லிட்டுத்தான் எழுதுவோம்."

"அப்போ நான் கடைசியா வாசிச்சது என்ன?"

பவித்ரா முழு வாக்கியத்தையும் ஆங்கிலத்தில் சொன்னாள். முத்தாண்டிக்குப்பத்து ஆங்கிலம்தான். ஆனால் ஒரு வார்த்தை விடவில்லை, ஒன்று சேர்க்கவில்லை. பேராசிரியை கடைசி வரிசையைப் பார்த்து விரலை நீட்டினார். அதற்கு முந்தின வாக்கியத்தை முத்துக்குமார் சொன்னான்.

அவர் தேர்வுத் தாளை மூடி ஓரமாக வைத்தார். பைக்குள் கையை விட்டுத் தேடி, மூட்டு வலிக்கு வாங்கி வைத்திருந்த வெந்நீர்ப் பையை எடுத்தார். அதன் அட்டைக்குள் இருந்த உபயோகக் குறிப்பைப் பிரித்தார். பிள்ளைகள் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"இதை எந்தக் குரூப்ல போட்டிருக்காரு உங்க சார்?"

வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்காமல் வாசித்தார், வேண்டுமென்றே வேகமாக, குரலை ஏற்றாமல். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது, மூடுவதற்கு முன்னால் காற்றை அழுத்தி வெளியேற்ற வேண்டும், கொதிக்கிற தண்ணீர் ஊற்றக் கூடாது என்று ஒரு பக்கம். ஒரு சாம்பல் லாரி அந்த நேரம் பார்த்து ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அதற்கும் நிறுத்தவில்லை. பிறகு கேள்விகள் கேட்டார், எழுதச் சொன்னார். ஓரத்தில் வைத்த தேர்வுத் தாளையும் திரும்ப எடுத்து, முதலிலிருந்து ஒரு தடவை முழுக்க வாசித்து எழுத வைத்தார். அங்கேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் திருத்தினார்.

பிரின்சிபால் பக்கத்தில் நின்றார். "ரீடிங் எப்படி இருக்கு மேடம்?"

"சுமார். சிலருக்கு இன்னும் நிறைய வேலை இருக்கு."

"லிசனிங்?"

"இந்த லேபைப் பூட்டிட்டு எல்லாரையும் அந்த ஷெட்டுக்கு அனுப்புங்க."

மறுநாள் பட்டியல் திரும்ப நோட்டீஸ் போர்டில் ஏறியது. லிசனிங் மார்க் போன தடவையை விட ஒன்றிரண்டு கூடத்தான் இருந்தது. யாரும் மன்னிப்புக் கடிதம் எழுதவில்லை. எங்களிடமும் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை, அதையும் எழுதி வைக்கிறேன். கல்லூரியிலிருந்து ஒரு சுற்றறிக்கை மட்டும் வந்தது: பணி நேரத்தில் ஆசிரியர்கள் நகைச்சுவையைத் தவிர்க்க வேண்டும். சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டேன். அந்த மாதம் நான் கையெழுத்துப் போட்ட ஒரே தாள் அதுதான்.

சபையாரே, இதில் கர்த்தர் எங்கே என்று கேட்பீர்கள். கிளையை முறித்தவர் அவர்தான் என்று நான் விசுவாசிக்கிறேன். மேரி அக்கா, "காத்துன்னா கெளை முறியத்தான் செய்யும்" என்கிறார். இருக்கட்டும். கிளையை விடுங்கள். மூன்று வருஷம் நான் கேட்டதை அவர் தராமல் இருந்தாரே, அதுதான் எனக்குப் பெரிய அற்புதம். கேட்ட அன்றைக்கே முப்பத்தாறு ஹெட்போனைத் தந்திருந்தால், எங்கள் பிள்ளைகளும் மழைச் சத்தத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நான் முணுமுணுத்த ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவர் அந்தக் காதுகளில் வேலை செய்துகொண்டிருந்தார்.

இதைச் சொன்னவுடனே, அப்படியானால் தகரக் கொட்டகைதான் கர்த்தருடைய சித்தம் என்று யாரும் ஆரம்பித்துவிடாதீர்கள். முக்கியமாக எங்கள் பிரின்சிபால். நல்ல அறை கேட்டு மாதம் ஒரு மனு கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன். தருகிற வரைக்கும் கொடுப்பேன். கர்த்தர் தராதது வேறு, மனிதர்கள் தராதது வேறு. இரண்டுக்கும் ஒரே பெயர் வைக்க என்னால் முடியாது.

ரீடிங்கில் விழுந்த பிள்ளைகள் அந்த வருஷம் இன்டர்வியூவுக்குப் போக முடியவில்லை. அது எனக்கு இன்னும் வலிக்கிறது. முத்துக்குமாரும் அவர்களில் ஒருவன். இப்போது பி செக்‌ஷனுக்கு நான் பஸ்ஸில் வாசிக்கத் தருகிறேன். காலையில் வரும்போது இரண்டு பக்கம், சாயங்காலம் போகும்போது இரண்டு பக்கம். இறங்குவதற்கு முன்னால் பக்கத்து சீட்டுக்காரரிடம் கதையைத் தமிழில் சொல்ல வேண்டும். கண்டக்டர் ஒருவர், "மீதிக் கதை இன்னா சார், அந்தப் பொண்ணு நடுவுல எறங்கிடுச்சி" என்று என்னிடமே வந்து கேட்டார்.

நீங்களும் கேளுங்கள். அடக்கமாகக் கேட்க வரவில்லை என்றால் சண்டை போட்டாவது கேளுங்கள். அவர் அதற்கெல்லாம் கோபித்துக்கொள்கிறவர் இல்லை. அநியாயமான தாளில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். கேட்டது கிடைக்கவில்லை என்றால், அவர் அந்த நேரத்தில் வேறு எங்கே கை வைத்து வேலை செய்கிறார் என்று கொஞ்சம் பொறுத்துப் பாருங்கள். என்னைப் போன்ற ஒரு வாயாடிக்கே செய்தவர், உங்களுக்குச் செய்ய மாட்டாரா?

பவித்ரா இன்டர்வியூவில் தேறினாள். போன மாதம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை, கையில் டிபன் பை. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கிட்டே போய், கர்த்தரின் பெயரைச் சொல்லி, "பவித்ரா, உங்க எல்லாருக்காகவும் நான் மூணு நாள் சாப்பிடாம ஜெபம் பண்ணினேன், தெரியுமா?" என்றேன்.

அவள் பஸ் வருகிற பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"நாங்க படிச்சோங்க சார்."